பர்லெஸ்க்: ஆட்டுப்பண்ணையில் பிழைத்து மேடைக்குத் திரும்பிய கலை

கேள்வி இது: 1930களிலேயே நியூயார்க்கில் தடை செய்யப்பட்டு, 60களில் ஏறக்குறைய அழிந்துபோன பர்லெஸ்க் என்ற, கேலியும் ஆடை களையும் ஆட்டமும் கலந்த மேடைக்கலை 1990களுக்குப் பிறகு எப்படி மறுபடி கிளம்பியது? ஆடையைக் களைவதைத் தவிர அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இரண்டாவது கேள்விக்கான பதிலிலேயே முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. அதைக் கற்றுக்கொடுக்கக்கூடிய மூதாட்டிகள் சிலர் உயிரோடு இருந்தார்கள். அதனால்தான் இந்தக் கலை திரும்ப வந்தது. பழைய உடை, பழைய இசை மீதான ஏக்கம் மட்டும் என்றால் இரண்டு மூன்று வருடத்தில் அடங்கியிருக்கும். முப்பது வருடத்துக்கும் மேலாக நிற்கிறது என்றால் காரணம் கைவேலை.

நம் பழைய படங்களின் காபரே காட்சிகளை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். அங்கே நடனம் வில்லனின் விருந்துக்குப் பின்னணி. பர்லெஸ்க்கில் மேடையில் நிற்பவர்தான் கதை, நகைச்சுவை, முடிவு எல்லாம். இன்றைய மேடையில் இசையைத் தேர்ந்தெடுப்பவரும், உடையைத் தைப்பவரும், பெரும்பாலும் அவரே.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1868இல் லிடியா தாம்ப்சன் என்ற ஆங்கில நடிகை தன் பெண்கள் குழுவுடன் நியூயார்க் வந்தார். பெண்களே ஆண்வேடம் கட்டி, காலின் வடிவம் தெரியும் இறுக்கமான உடையில், கிரேக்கப் புராணத்தையும் அன்றைய அரசியலையும் கேலி செய்து பாடினார்கள். அதுதான் அமெரிக்க பர்லெஸ்க்கின் தொடக்கம். ஆடை களைவது மையத்துக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. மின்ஸ்கி சகோதரர்களின் அரங்குகள் 1920, 30களில் உச்சத்தில் இருந்தன. நகைச்சுவை நடிகர்களும் ஆடை களையும் பெண்களும் ஒரே மேடையில் மாறி மாறி வந்தார்கள். 1937இல் நியூயார்க் மேயர் லகார்டியாவின் நிர்வாகம் அந்த அரங்குகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. விளம்பரப் பலகையில் ‘பர்லெஸ்க்’ என்ற சொல்லோ ‘மின்ஸ்கி’ என்ற பெயரோ வரக்கூடாது என்ற அளவுக்குப் போனது.

அந்தத் தலைமுறையில் இருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஜிப்சி ரோஸ் லீ மேடையில் களைந்தது கொஞ்சம், பேசியது நிறைய. உடையை ஊசிகளால் பிணைத்துக்கொண்டு வருவார். பேச்சுக்கு நடுவே ஒவ்வொரு ஊசியாக உருவி எறிவார். கூட்டம் அந்த ஊசிகளை எண்ணிக்கொண்டிருக்கும். சாலி ராண்ட் 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் இரண்டு பெரிய நெருப்புக்கோழி இறகு விசிறிகளுடன் ஆடிப் பலமுறை கைதானார். விசிறிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்த்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்றைய பர்லெஸ்க்கின் இரண்டு அடிப்படைப் பாடங்கள் இங்கிருந்தே வருகின்றன: தாமதத்தை ஆள்வது, மறைப்பதை ஆள்வது.

50களுக்குப் பிறகு தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர்களை இழுத்துக்கொண்டது. நேரடி வாத்தியக் குழுவுக்குக் கொடுக்க முதலாளிகளிடம் காசில்லை. வெளிப்படையான கிளப்புகளும் படங்களும் வந்தபின், ஒரு கையுறையைக் கழற்ற அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு வேலை இல்லாமல் போனது.

இந்த இடத்தில் ஜென்னி லீ முக்கியமாகிறார். 1955இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆட்டக்காரிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கியவர். சக கலைஞர்களின் புகைப்படம், உடை, விசிறி, குஞ்சம் என்று எது கிடைத்தாலும் சேர்த்து வைத்தார். பிற்காலத்தில் அந்தச் சேகரிப்போடு கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் ஹெலண்டேல் என்ற ஊரில் ஒரு பழைய ஆட்டுப்பண்ணையில் குடியேறினார். 1990இல் அவர் இறந்தபின் தோழி டிக்ஸி எவன்ஸ் பொறுப்பேற்றார். மர்லின் மன்றோவைப் போல வேடமிட்டு 50களில் புகழ்பெற்றவர் டிக்ஸி. அந்தச் சேகரிப்பை வைத்து நடந்த அருங்காட்சியகத்துக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக அங்கேயே ‘மிஸ் எக்ஸாடிக் வேர்ல்ட்’ என்ற போட்டியைத் தொடங்கினார். ஓய்வுபெற்ற ஆட்டக்காரிகளும், கடையில் பழைய பத்திரிகைப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்ட இளம்பெண்களும் வெயிலில் ஒன்றாகக் கூடினார்கள். மறுமலர்ச்சி என்று நாம் சொல்வதன் உண்மையான வகுப்பறை அதுதான். 2006இல் அந்த அருங்காட்சியகம் போட்டியோடு லாஸ் வேகாஸுக்கு மாறி இன்று ‘பர்லெஸ்க் ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற பெயரில் இயங்குகிறது.

அதே காலத்தில் நகரங்களிலும் விதை விழுந்தது. 90களின் நடுவில் நியூயார்க்கில் ‘புளூ ஏஞ்சல்’ காபரே, லாஸ் ஏஞ்சல்ஸில் மிஷெல் கார் தொடங்கிய ‘வெல்வெட் ஹேமர்’ குழு. 1999இல் நியூயார்க்கில் ‘ஸ்லிப்பர் ரூம்’ அரங்கு திறந்தது. 2001இல் நியூ ஆர்லியன்ஸில் ‘டீஸ்-ஓ-ராமா’ என்ற பர்லெஸ்க் கூடுகை நடந்தபோது, தனித்தனி ஊர்களில் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் முதன்முறையாகப் பெரும் எண்ணிக்கையில் சந்தித்தார்கள். 2003இல் நியூயார்க் பர்லெஸ்க் விழா தொடங்கியது. டீட்டா வான் டீஸ் பிரம்மாண்டமான மார்ட்டினி கோப்பைக்குள் இறங்கி ஆடியது உலகப் புகழ் பெற்றது. அவருடைய பல உடைகளுக்குப் பின்னால் கேத்தரின் டிலிஷ் என்ற இன்னொரு ஆட்டக்காரியின் கை இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜோ வெல்டன் என்ற ஆட்டக்காரி நியூயார்க்கில் பர்லெஸ்க்குக்கென்று பள்ளியே நடத்தினார்.

இனி கைவேலைக்கு வருவோம்.

ஒரு ஆட்டம் பொதுவாக மூன்றரை முதல் ஐந்து நிமிடம். அதற்குள் கழற்றும் பொருள் நான்கு முதல் ஆறு போதும்: கையுறை, மேலங்கி, கவுன், கார்செட் (இடுப்பை இறுக்கும் கச்சு), காலுறை என்று. புதிதாக வருபவர்கள் பத்துப் பன்னிரண்டு அடுக்கு போட்டுக்கொண்டு வந்து, பாதிப் பாட்டில் நேரம் போதாமல் எல்லாவற்றையும் பிடுங்கி எறிவார்கள். பாட்டை எட்டெட்டு எண்ணிக்கைகளாகப் பிரித்துக் காகிதத்தில் எழுதி, எந்த அடியில் எது விழ வேண்டும் என்று குறித்த பிறகுதான் உடை தைக்கத் தொடங்க வேண்டும். கடைசிப் பொருளுக்கு முன்னால்தான் நீண்ட காத்திருப்பு. அந்தக் காத்திருப்பைத் தாங்க மேடையில் ஒரு காரணம் வேண்டும்: ஒரு குறும்பு, ஒரு சந்தேகம், பார்வையாளர் ஒருவருடன் ஒரு கண்பேச்சு.

கையுறையைப் பார்த்தாலே ஒருவரின் பயிற்சி தெரிந்துவிடும். முழங்கைக்கு மேல் வரும் சாட்டின் கையுறை. சொந்த அளவைவிட அரை அளவு பெரிது. உள்ளே டால்கம் பவுடர். மோதிரம் கூடாது. முதலில் சுண்டுவிரல் நுனியை ஒரு விரற்கடை இழுத்துத் தளர்த்த வேண்டும். பிறகு மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், கடைசியில் கட்டைவிரல். ஐந்தும் தளர்ந்த பிறகே மேலிருந்து உருவ வேண்டும். விரல்களைத் தளர்த்தாமல் மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் துணி மணிக்கட்டில் சுருண்டு, கை வியர்த்திருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சிரித்துக்கொண்டே பிடுங்கினாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பல்லால் இழுப்பதென்றால் விரல் நுனியில் மிஞ்சும் துணியை மட்டும் கடிக்க வேண்டும், உதட்டுச்சாயம் படாமல். முக்கியமான விஷயம்: முதல் கையுறைக்கு முப்பது விநாடி எடுத்தால் இரண்டாவதற்கு எட்டு விநாடிக்கு மேல் ஆகக்கூடாது. முறையும் மாற வேண்டும். அதே வித்தையை இடது கையிலும் திரும்பச் செய்தால், அடுத்து என்ன என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அத்தோடு ஆட்டம் தளர்கிறது.

கவுனில் கடையில் வந்த ஜிப்பை அப்படியே விட்டுவைப்பவர்கள் குறைவு. முதுகு ஜிப்பை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் பெரிய பல் உள்ள ஜிப் வைப்பார்கள். இழுக்கும் நுனியில் ஒரு நாடாவோ மணியோ கட்டி, பார்க்காமலேயே கைக்கு அகப்படும்படி செய்வார்கள். பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, உள்பக்க நூல்களை ஒட்ட வெட்டி, தையல் மடிப்பை அழுத்தித் தைத்துவிட வேண்டும். மேடையில் ஜிப் சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் தளர்ந்த உள்துணிதான், ஜிப்பின் தரம் அல்ல. ஜிப்பே வேண்டாம் என்றால் பெரிய டிச் பட்டனோ பேன்ட் கொக்கியோ நம்பகமானவை. வெல்க்ரோ வேகமாகக் கழன்றாலும் மெல்லிசை நடுவே ‘சர்ர்’ என்று சத்தம் கேட்கும். அதன் முரட்டுப் பக்கம் நைலான் காலுறையைக் கீறிவிடும்.

கார்செட்டில் தவறு செய்பவர்கள் அதிகம். முன்பக்கம் இரும்புப் பட்டையில் ஐந்தாறு குமிழ்களும் வளையங்களும் இருக்கும். பின்னால் கயிற்றை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு கடினமாகும் முன்பக்கத்தைத் திறப்பது. திறக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கத்தையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கி, வளையத்தைக் குமிழுக்கு மேலே தள்ள வேண்டும். அதற்கு இடம் வேண்டும். ஆகவே புகைப்படத்துக்குக் கட்டுவதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் தளர்வாகக் கட்டுவது நல்லது. தொங்கும் கயிற்று நுனியைச் செருகிவிட வேண்டும். இல்லையென்றால் அது ஜிப்பில் மாட்டும், குதிகாலில் சுற்றும். காலுறைக்கும் இதே முன்யோசனை: ஒரு காலுக்கு நான்கு கிளிப் இருந்தாலும் இரண்டு மட்டும் உண்மையில் பிடித்திருந்தால் போதும், மற்றவை அலங்காரம். காலுறை வரவேண்டுமென்றால் செருப்பு முதலில் வரவேண்டும் என்பதையும் பலர் ஒத்திகையில்தான் உணர்கிறார்கள். சிறிய வார்ப்பூட்டை வியர்த்த விரலால் அவிழ்க்க இருபது விநாடி போய்விடும். பக்கிளுக்கு அடியில் கொக்கி ஒன்றை மறைத்துத் தைத்தால் தீர்ந்தது.

அடுத்தது பேஸ்டி, குஞ்சம். முலைக்காம்பை மூடும் சிறு கூம்புதான் பேஸ்டி. அமெரிக்காவில் பல ஊர்களில் மது விற்கும் இடங்களில் இது சட்டக் கட்டாயம். ஆட்டக்காரர்கள் பேஸ்டியும் ஜி-ஸ்ட்ரிங்கும் (இடுப்புக்குக் கீழே மறைக்கும் சிறு துணி) அணிய வேண்டும் என்ற இந்தியானா மாநிலச் சட்டத்தை 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. சட்டம் திணித்த ஒரு வில்லையைத் தனி வித்தையாக மாற்றிக்கொண்டார்கள் இந்தப் பெண்கள். குஞ்சம் சுழற்றுவதில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் கேரி ஃபினெல். அதற்குத் தீ வைத்துச் சுழற்றியவர் சேட்டன்ஸ் ஏஞ்சல். வயதான பிறகு இளையவர்களுக்குப் பட்டறை நடத்தி அந்த வித்தையைக் கைமாற்றினார்.

செய்முறை: பக்ரம் துணியிலோ கெட்டியான வினைலிலோ ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வெட்டவும். விளிம்பிலிருந்து மையம் வரை ஒரு கீறல். கீறலின் இரு ஓரங்களையும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் ஆழமில்லாத கூம்பு கிடைக்கும். கூம்பின் நுனியில் துளையிட்டு, தூண்டில் போடுபவர்கள் பயன்படுத்தும் சின்ன ஸ்விவலை (சுழலும் இணைப்பு) உள்ளிருந்து இறுக்கிக் கட்டி, அதில் எட்டுப் பத்து சென்டிமீட்டர் குஞ்சத்தைத் தொங்கவிட வேண்டும். ஸ்விவல் இல்லாமல் நூலால் நேரடியாகக் கட்டினால் நாலு சுற்றில் முறுக்கேறி நின்றுவிடும். குஞ்சம் நுனியில் இல்லாமல் தட்டை வில்லையில் இருந்தால் உடம்பில் உரசி வேகம் இழக்கும். ரொம்ப லேசான பட்டு நூல் என்றால் சுழலாது, படபடக்கும். சில மணிகளைக் கோத்து எடை கூட்ட வேண்டும். நீளம் கூடக் கூட மெதுவாகச் சுழலும், உடம்பும் அதிகமாக அசைய வேண்டும்.

சுழற்றும் விசை மார்பிலிருந்து வருவதில்லை. முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலில் சீராகத் துள்ளும்போது அந்தத் துள்ளல் மேலே ஏறுகிறது. இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சுழலும். கைகளை மேலே தூக்கினால் தசை இழுபட்டுப் பெரும்பாலானவர்களுக்கு எளிதாகும். ஒரே திசையில் இரண்டையும் சுற்ற தோள்களை மாற்றி மாற்றி அசைக்க வேண்டும். மார்பின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆண்களும் சுழற்றுகிறார்கள், அவர்களுக்கென ‘பாய்லெஸ்க்’ என்ற கிளையே வளர்ந்திருக்கிறது.

ஒட்டுவதற்கு: அன்று காலையிலிருந்தே உடம்பில் எண்ணெய், லோஷன் எதுவும் படக்கூடாது. மேடைக்கு முன் தோலை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து முழுதாகக் காயவிட வேண்டும். இரட்டைப் பக்க ஒட்டும் நாடாவைச் சிறு துண்டுகளாக வெட்டி விளிம்பின் உள்பக்கம் மட்டும் சுற்றி ஒட்ட வேண்டும், நடுவில் வேண்டாம். வைத்தபின் உள்ளங்கைச் சூட்டில் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். குஞ்சம் சுழற்றுபவர்களுக்கு நாடா போதாது. ஒப்பனைப் பசையோ மருத்துவப் பசையோ தேவை. புதுப் பசையை முந்தின நாளே முன்கையின் உட்புறத்தில் தடவி ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்காமல் மார்பில் வைக்காதீர்கள். கழற்றும்போது எண்ணெயில் ஊறவிட்டு மெதுவாக. பிடுங்கினால் தோலோடு வரும்.

உடையில் மின்னும் கண்ணாடிக் கல் ஒட்டும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. கல்லின் அளவுக் குறியீட்டில் எஸ்எஸ்16 என்பது சுமார் 4 மில்லிமீட்டர் கல், எஸ்எஸ்20 என்பது ஐந்துக்குச் சற்றுக் குறைவு, எஸ்எஸ்30 ஆறைத் தாண்டும். சிறிய கல் மட்டும் ஒட்டினால் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும்; பெரியதும் சிறியதும் கலக்க வேண்டும். ஆஸ்திரியக் கல் நிறுவனமான ஸ்வரோவ்ஸ்கி 2020இல் சில்லறைக் கைவினை விற்பனையிலிருந்து விலகுவதாக அறிவித்தபின் பலர் செக் நாட்டு பிரெசியோசாவுக்கு மாறினார்கள். இ-6000 போன்ற பசை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதிலிருந்து வரும் ஆவி கெடுதல். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். முழுதாக இறுக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். நிகழ்ச்சிக்கு முந்தின இரவு ஒட்டிய கல் மேடையில் உதிரும், அடுத்து வெறுங்காலோடு வருபவரின் பாதத்தில் குத்தும். இதே காரணத்தால் சில அரங்குகளில் ஜிகினாத் தூளுக்கு அனுமதி இல்லை.

விசிறி ஆட்டம் தனிப் படிப்பு. ஒரு விசிறி நகரும்போது மற்றது இருக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இடம் மாறினால் மறைப்பு உடைகிறது. எடை மணிக்கட்டில் விழுவதால், முழங்கையையும் தோளையும் பயன்படுத்தப் பழகாதவர்களுக்கு இரண்டாவது நிமிடத்திலேயே விசிறி தாழ்ந்துவிடும். கண்ணாடி முன் பழகினால் மட்டும் போதாது. அரங்கில் பக்கவாட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பக்கமும் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும்.

மேடைக்கு வெளியே இருப்பவர்களையும் மறக்கக்கூடாது. விழுந்த உடைகளைப் பொறுக்கும் உதவியாளரை ‘ஸ்டேஜ் கிட்டன்’ என்பார்கள். எத்தனை பொருள், எது எங்கே விழும், எதை மிதிக்கக்கூடாது என்ற பட்டியலை அவரிடம் முன்பே கொடுக்க வேண்டும். ஒளி இயக்குபவருக்கு ‘கடைசியில் இருட்டு’ என்று எழுதிக் கொடுப்பது பயனற்றது. ‘4 நிமிடம் 12 விநாடியில், இரண்டு கையும் மேலே போனதும் இருட்டு’ என்று எழுத வேண்டும்.

மறுமலர்ச்சி பழையதை அப்படியே திருப்பிச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அன்று அரங்கும் கணக்கும் ஆண் முதலாளிகள் கையில். இன்று தயாரிப்பாளர்களில் ஆடும் பெண்களே நிறைய, பார்வையாளர்களிலும் பெண்கள் நிறைய. 2004இல் மிஸ் எக்ஸாடிக் வேர்ல்ட் பட்டம் வென்ற டர்ட்டி மார்ட்டினி பருத்த உடல்வாகு கொண்டவர்; டாலர் நோட்டுகளை வாயில் திணித்துக்கொள்ளும் அவருடைய அரசியல் நையாண்டி ஆட்டம், 1868இன் கேலி மரபுக்கு நேர் வாரிசு. அவரும் தோழிகளும் தங்களாகவே நடித்த ‘டூர்னே’ என்ற பிரெஞ்சுப் படத்துக்காக மத்தியு அமால்ரிக் 2010இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். 50களில் புகழ்பெற்ற ஆட்டக்காரி டெம்பஸ்ட் ஸ்டார்ம் எண்பது வயதைத் தாண்டியும் மேடை ஏறினார், கூட்டம் எழுந்து நின்றது.

பழைய மேடையின் அநியாயங்களும் கணக்கில் வருகின்றன. கறுப்பினப் பெண்களுக்குப் பெரிய அரங்குகளும் நல்ல சம்பளமும் எட்டாமல் இருந்தன. ஜாஸ் இசைக்கலைஞர் டூக் எலிங்டனின் பெயரிலிருந்து தன் மேடைப்பெயரை வைத்துக்கொண்ட டோனி எலிங் போன்றவர்கள் உரிய மரியாதையைப் பெற்றது முதுமையில்தான். அந்தப்புர அடிமை, ‘கிழக்கத்திய கோயில் நடனம்’ என்றெல்லாம் பிறர் பண்பாட்டை வேடிக்கைப் பொருளாக்கிய பழைய ஆட்டங்கள் இன்று கடுமையாக விமர்சிக்கப்படுகின்றன. அந்த விமர்சனம் நியாயமானது. கலையை மீட்பவர்கள் அதன் குப்பையையும் சேர்த்துச் சுமக்கத் தேவையில்லை.

வருமானம் பற்றி ஆசை காட்ட மாட்டேன். பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை பார்க்கிறார்கள். ஒரு உடைக்குப் போட்ட பணத்தை எடுக்கவே அதே ஆட்டத்தைப் பல மேடைகளில் ஆட வேண்டியிருக்கும். வகுப்பு நடத்துவது, பிறருக்கு உடை தைப்பது, நிகழ்ச்சி தயாரிப்பது என்று பல வழிகளைச் சேர்த்துத்தான் சிலர் முழுநேரமாக இதில் நிற்கிறார்கள்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். போட்டி நடக்கும் இரவுக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். ஒரே ஒரு சீட்டு வாங்கக் காசு இருந்தால், மூத்த ஆட்டக்காரிகள் மேடையேறும் இரவுக்கு வாங்குங்கள். படம் எடுக்கக்கூடாது, யாரையும் தொடக்கூடாது, கத்திக் கொண்டாடலாம். கையுறை கழலும்போது முகத்தைப் பார்க்காமல் விரல்களைப் பாருங்கள்.